போடி ஜீப்புக்கு ஐந்தாவது கியர்

மாமாவின் மகிந்திரா ஜீப், எம்எம் 540, ஏலத்தோட்டத்து வண்டி. 1989 மாடல். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, அதில் இருபது வருஷத்துக்கு மேல் ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறது. தோட்டத்தைக் கொடுத்தபோது வண்டியை மட்டும் விற்க மனசு வராமல் என் தலையில் கட்டிவிட்டார். மேட்டில் அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, இரண்டாவது கியரில் போட்டால் எருமை மாதிரி அசைந்து அசைந்து ஏறிவிடும். தொல்லையெல்லாம் சமவெளியில்தான். தேனி தாண்டி ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரை போனால் 60 வரைக்கும் பேசலாம், 70-ல் கத்த வேண்டும், 80-ல் பக்கத்தில் இருப்பவர் வாய் அசைவதை மட்டும் பார்க்கலாம். அத்தை ஒரு தடவை என்னோடு மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் போய்விட்டார்.

எஞ்சின் பெஜோ எக்ஸ்டிபி 4.90. அந்த 4.90 என்பது ஏதோ மாடல் நம்பர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நாலு சிலிண்டர், 90 மிமீ போர் (சிலிண்டரின் உள்விட்டம்), அவ்வளவுதான் விஷயம். 2112 சிசி, டர்போ கிடையாது. நல்ல எஞ்சின்தான், ஆனால் நாலாவது கியரில் நேரடியாக ஒன்றுக்கு ஒன்று ஓடுவதால் மேலே போக வழியில்லாமல் கத்துகிறது.

எவ்வளவு கத்துகிறது என்று முதலில் கணக்குப் போட்டேன். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு, வண்டியை ஒரு முழுச் சுற்று தள்ளி அளந்தால் 2.25 மீட்டர் வந்தது (6.00-16 டயர்). பிறகு பின் சக்கரம் இரண்டையும் தூக்கி வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றச் சொல்லி, நான் கீழே படுத்து, ஆக்சிலுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டை எண்ணினேன். ஐந்து சுற்று, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிக் கொஞ்சம். அதாவது 43-க்கு 8 பல், 5.38 கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் சுற்றைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல் ஜோடி), பழைய வில்லிஸ் ஜீப் காலத்து அளவு. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி எண்ணிவிட்டு, டிஃபரன்ஷியல் விளையாட்டில் பாதி எண்ணிக்கை வந்து குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இரண்டையும் தூக்குங்கள். 80 கிமீ வேகத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3200 சுற்று. இந்த வயசான டீசலுக்கு அது நாள் முழுக்க ஓடும் வேகம் இல்லை.

கிரவுன் பினியனை மாற்று என்று இரண்டு பேர் சொன்னார்கள். மாற்றலாம், ஆனால் ஃபோர் வீல் வண்டியில் பின்னால் மட்டும் மாற்ற முடியாது, முன்னாலும் அதே விகிதம் வேண்டும், இல்லையென்றால் ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அதைவிட முக்கியம், கிரவுனை மாற்றினால் எல்லா கியரிலும் இழுவை குறையும். மெட்டு ஏறுகிற வண்டிக்கு அது வேண்டாத வேலை. பெரிய டயர் போட்டாலும் இதே கதைதான், கூடவே பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சண்டைக்கு வரும். ஐந்து கியர் பெட்டி என்றால் கீழே உள்ளதையெல்லாம் விட்டுவிட்டு மேலே ஒரு படி மட்டும் கூடும். எனக்கு வேண்டியது அதுதான்.

மகிந்திராவிலேயே பெஜோ எஞ்சினுக்குப் பின்னால் பிஏ 10 என்ற ஐந்து கியர் பெட்டி வந்திருக்கிறது, அர்மடாவில் இருந்தது அதுதான். பெஜோ வீட்டுப் பெட்டி பெஜோ எஞ்சினில் உட்காரும், எனவே என் பழைய கேஎம்டி 90 நாலு கியரைக் கழற்றிவிட்டு இதைப் போடுவது என்று முடிவு. சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

முதல் தப்பை வாங்கும்போதே செய்தேன். வெளியூரில் ஒரு கடையில் “ஜீப்புக்கு அப்படியே போட்டுக்கலாம்” என்று சொன்னதை நம்பி 18,000 கொடுத்துத் தூக்கி வந்தேன். மெக்கானிக் அண்ணன் சாக்கைப் பிரித்ததும் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராகப் பின்பக்கம் போய், “இது டூ வீல் வண்டிப் பெட்டி தம்பி, வாலைப் பாருங்க” என்றார். டூ வீல் டிரைவ் வண்டியில் பெட்டிக்குப் பின்னால் நேராக புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும். நம் வண்டியில் பெட்டியின் முதுகிலேயே டேனா 18 டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் கொடுக்கும் பெட்டி) ஒட்டிக்கொண்டிருக்கும், பெட்டியின் மெயின் ஷாஃப்ட் அதற்குள் நுழைந்து ஒரு கியரைச் சுற்றும். அந்த ஷாஃப்டும் நடுவில் வரும் அடாப்டரும் ஃபோர் வீல் வண்டியில் இருந்து வந்த பெட்டியில்தான் இருக்கும். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், ஆனால் 3,000 பிடித்துக்கொண்டார். வண்டி வாடகை தனி.

இரண்டாவது பெட்டி கோயம்புத்தூர் உக்கடத்தில் கிடைத்தது, 22,000. இந்தத் தடவை நான் கேட்டது மூன்று: அடாப்டரோடு வேண்டும், டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போகும் கியரும் கூடவே வேண்டும், முன்பக்க ஹவுசிங் உடையாமல் இருக்க வேண்டும். அந்தக் கியரின் பற்களை எண்ணி, ஊரில் இருந்த மருமகனுக்கு ஃபோன் போட்டு எங்கள் பழைய கியரையும் எண்ணச் சொன்னேன். ஒத்துப்போனது. ஒத்துப்போகாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸின் நடு கியரோடு கடிக்காது, அதையும் சேர்த்து வாங்க வேண்டி வந்திருக்கும். கடையிலேயே ஐந்தாவதில் போட்டு, எஞ்சின் பக்கத்து இன்புட் ஷாஃப்டைக் கையால் 10 சுற்று சுற்றினேன், பின்னால் 12 சுற்றும் கொஞ்சமும் வந்தது. அப்படியென்றால் 0.82 பக்கம். 80-ல் 3200-க்குப் பதில் 2600. அத்தை திரும்ப ஏறுவார் என்ற நம்பிக்கை வந்தது.

கழற்றுவது ஒரு நாள் வேலை. முன் சீட்டுகள், தரைத்தகடு, கியர் லீவர், டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹேண்ட்பிரேக் இணைப்பு, இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட். என் வண்டியில் ஹேண்ட்பிரேக் டிரம்மும் ஸ்பீடோ கேபிளும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருப்பதால் அவை இரண்டையும் பற்றிக் கவலை இல்லை, பெட்டி எதுவாக இருந்தாலும் ஸ்பீடோ பழையபடியே காட்டும்.

டேனா 18-ஐப் பெட்டியிலிருந்து பிரிப்பது பார்க்க வேண்டிய வேலை. அதன் முதுகில் வட்டமாக ஒரு மூடி இருக்கும், பிடிஓ (எஞ்சின் சுற்றை வெளிக்கருவிக்கு எடுக்கும் இணைப்பு) மாட்டுகிற இடம். அதைக் கழற்றினால் உள்ளே மெயின் ஷாஃப்டின் நுனியும், அதில் ஒரு பெரிய நட்டும், நட்டுக்குக் குறுக்கே ஒரு கொண்டை ஊசியும் தெரியும். ஊசியைப் பிடுங்கி நட்டைக் கழற்றினால் கியர் பின்பக்கமாக நழுவி வர வேண்டும். எங்களுடையது வரவில்லை. முப்பது வருஷ எண்ணெய் கோந்து மாதிரி பிடித்திருந்தது. டீசல் ஊற்றி ஒரு டீ குடித்துவிட்டு வந்து இரண்டு டயர் லிவரால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் நெம்பினோம், ‘டொப்’ என்று கைக்கு வந்தது. கியர் வந்த பிறகு வெளிப் போல்ட்டுகளைக் கழற்றி டிரான்ஸ்ஃபர் கேஸைப் பின்னால் இழுக்கலாம், ஆனால் இழுக்கும்போது மெயின் ஷாஃப்டும் சேர்ந்து வந்துவிடக் கூடாது, வந்தால் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் இடம் மாறிவிடும். அண்ணன் ஒரு கம்பியைப் போட்டு ஷாஃப்டைக் கட்டிவைத்தார். எடுத்துப் போடப்போகிற பெட்டிக்கு எதற்கு இந்த மரியாதை என்று கேட்டேன். “விக்கப் போறீகல்ல, முழுசா இருக்கட்டும்” என்றார். அதுவும் சரிதான், பிறகு 9,000-க்குப் போனது.

கிளட்ச் பிளேட்டில் நடு ஓட்டையின் பல் எண்ணிக்கை புது ஷாஃப்டோடு சேரவில்லை, எனவே புது பிளேட். கை வைத்ததோடு பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் மாற்றிவிட்டோம், ஃப்ளைவீலை லேத்தில் லேசாக முகம் எடுத்தோம். ஹவுசிங் எஞ்சினில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது, இதற்காகவா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது. போல்ட்டெல்லாம் கையாலேயே ஏறின.

பைலட் புஷ்தான் சேரவில்லை. கிராங்க் ஷாஃப்டின் பின் நுனியில் ஒரு சின்னக் குழி, அதில் ஒரு புஷ், அதற்குள் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் மூக்கு போய் உட்கார வேண்டும். புதுப் பெட்டியின் மூக்கு பழைய புஷ்ஷில் ஆடியது. லேத்துக்காரரிடம் கன்மெட்டலில் ஒன்று கடையச் சொன்னோம். அழகாகக் கடைந்து கொடுத்தார், ஷாஃப்ட் மூக்கில் மாட்டிப் பார்த்தால் எண்ணெய்ப் படலம் போல வழுக்கிக்கொண்டு சுற்றியது. சந்தோஷமாகக் குழியில் அடித்து இறக்கினோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

பிஏ 10-உம் அடாப்டரும் சேர்ந்து பழைய பெட்டியைவிட நீளம். டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்று விரல்கடை பின்னால் போனது. அதனால் வந்த வேலைகள்தான் நிஜமான வேலைகள். அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ள வேண்டும். சேஸிஸில் வெல்டிங் வைக்க எனக்கு இஷ்டமில்லை, புதுத் துளை போட்டு, உள்பக்கம் பட்டைத் தகடு வைத்துப் போல்ட்டிலேயே பிடித்தோம். பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறைக்க வேண்டும், முன்னதை நீட்ட வேண்டும். 540-க்கு வீல்பேஸ் 91 இஞ்ச்தான், பின் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை, இன்னும் குறைத்தால் சரிவு ஏறும், ஷாஃப்ட் முனை ஜாயின்ட்டின் கிராஸ் சீக்கிரம் தேயும். தெரிந்தே செய்கிறோம்.

அளவு எடுக்கும்போது வண்டி நாலு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு எடுத்தால் ஆக்சில் கீழே இறங்கி அளவு பொய் சொல்லும். ஃபிளாஞ்சிலிருந்து ஃபிளாஞ்சுக்கு அளந்து, நடுவில் நழுவும் ஜாயின்ட் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி கணக்குப் போட்டோம். பின்னால் 58 மிமீ வெட்டு, முன்னால் அதே அளவு கூடுதல். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு நேராக லேத்துக்குப் போய்விடாதீர்கள், உங்கள் ஸ்பிரிங் பட்டை எவ்வளவு தணிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெட்டுவதற்கு முன் ஷாஃப்டின் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்து வைத்தேன், இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே வாக்கில் இருக்க வேண்டும், வெல்டிங்கில் அது கொஞ்சம் திரும்பினாலும் வண்டி முழுக்க நடுக்கம்தான்.

தரைத்தகட்டில் லீவர் ஓட்டையைப் பின்னால் வெட்டி, பழைய ஓட்டைக்கு ஒட்டுப் போட்டேன். அது நான் செய்த ஒட்டு, பார்க்க அப்படித்தான் இருக்கும்.

பத்தாவது நாள் சாயங்காலம் ஸ்டார்ட் செய்தோம். நியூட்ரலில் அமைதி. தெருவிலிருந்து வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவர், “என்ன, அஞ்சு கியர் போட்டு பிளேன் ஓட்டப் போறீகளா?” என்றார். கிளட்சை மிதித்து முதல் கியருக்குத் தள்ளினேன். கர்ர்ர். ரிவர்ஸுக்குத் தள்ளினேன், தெரு நாய்கள் எழுந்து போகும் அளவுக்குச் சத்தம். எஞ்சினை அணைத்துவிட்டு கியர் போட்டால் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுகிறது, எஞ்சின் ஓடும்போது மட்டும் விழவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

எல்லோரும் கிளட்ச் விடவில்லை என்றார்கள். ஒரு மணி நேரம் கிளட்ச் லிங்கைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தோம், மாற்றமே இல்லை. அடுத்த நாள் காலையில் ஹவுசிங்கின் அடிமூடியைக் கழற்றி, மருமகனைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளேட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) சுலபமாக நுழைந்தது, சுற்றிலும். ஆக கிளட்ச் ஒழுங்காகத்தான் விட்டிருக்கிறது. அப்படியும் இன்புட் ஷாஃப்ட் எஞ்சினோடு சுற்றுகிறது என்றால், எஞ்சினையும் ஷாஃப்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு பொருள் எது? ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. படுத்த இடத்திலேயே எனக்கு லேத்துக்காரர் முகம் ஞாபகம் வந்தது, ஆனால் அவர்மேல் தப்பில்லை, எங்கள் மேல்தான்.

திரும்பவும் எல்லாம் கீழே இறங்கியது, இந்தத் தடவை அரை நாளில். புஷ்ஷின் உள்சுவரில் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு வளையம், ஷாஃப்ட் மூக்கில் பித்தளை நிறத்தில் ஒரு பூச்சு. வெளியே வைத்துப் பார்த்தபோது சரியாக இருந்த புஷ், குழிக்குள் இறுக்கமாக அடித்து இறக்கியதும் சுற்றிலும் நசுங்கி உள் ஓட்டை கொஞ்சம் சுருங்கிவிட்டது. அந்தக் கொஞ்சம் போதும், ஷாஃப்டை எஞ்சினோடு சேர்த்துச் சுற்ற. உள் ஓட்டையைக் கொஞ்சம் குறைவாகவே கடைந்து, குழியில் இறக்கிய பிறகு அங்கேயே ரீமர் (துளையை நுணுக்கமாக அகலப்படுத்தும் கருவி) போட்டுக் கடைசி அளவுக்குக் கொண்டுவர வேண்டுமாம். மெக்கானிக் அண்ணனுக்கு இது தெரியும், “மறந்துட்டேன் தம்பி” என்றார். பெட்டியை இரண்டு தடவை தூக்கிய என் இடுப்பு இன்னும் மறக்கவில்லை. ரீமர் கடன் வாங்கி, கையால் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் துடைத்து, அதே அளவுள்ள பழைய ஷாஃப்ட் நுனி ஒன்றை விட்டுப் பார்த்து, ஒன்றரை மணி நேரம்.

அன்றைக்கு இரவே முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. ரிவர்ஸும்.

மறுநாள் தேனி வரை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுரை. ஆண்டிபட்டி கணவாய் தாண்டி ரோடு நேரானதும் 65-ல் ஐந்தாவதைத் தட்டினேன். எஞ்சின் சத்தம் சட்டென்று ஒரு கட்டை இறங்கியது, அதற்குப் பதிலாக இத்தனை வருஷம் கேட்காத சத்தங்கள் எல்லாம் கேட்டன: கூரைப் படுதா அடிப்பது, பின் கதவுக் கொக்கி, டூல் பெட்டிக்குள் ஸ்பேனர். சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், இது வேகத்துக்கான வேலை இல்லை. 2112 சிசி எஞ்சின் ஐந்தாவதில் எதிர்க்காற்று அடித்தாலே மூச்சு வாங்குகிறது, சின்ன மேடு வந்தாலும் நாலுக்கு இறங்க வேண்டும். 75-ல் நிம்மதியாகப் போகலாம், அவ்வளவே. டீசல் கணக்கில் லிட்டருக்கு 10-க்குக் கொஞ்சம் கீழே இருந்தது, ரோட்டில் 11-ஐத் தாண்டியிருக்கிறது. போட்ட பணத்தை அதில் எடுக்கப் பேரன் காலம் ஆகும். பெட்டி, கிளட்ச், லேத்து, ஷாஃப்ட், கூலி, முதல் கடையில் விட்ட 3,000 எல்லாம் சேர்த்து 47,000 சொச்சம், பழைய பெட்டி விற்றதைக் கழித்தால் 38,000. ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இருக்கின்றன, இரண்டிலும் நாங்கள் கை வைக்கவில்லை.

போடிமெட்டும் ஒரு தடவை ஏறிப் பார்த்தாயிற்று. முதல் கியர் பழையதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது, மாமா இல்லை என்கிறார். லோவில் போட்டால் டேனா 18 இன்னொரு 2.46 மடங்கு குறைத்துக் கொடுக்கும், அதற்கு மேல் ஏற மரம்தான் இருக்கிறது. கை மட்டும் இன்னும் நாலோடு நின்றுவிடுகிறது. பத்து கிலோமீட்டர் போன பிறகுதான் இன்னொன்று மிச்சம் இருப்பது ஞாபகம் வருகிறது.

600 கிமீ ஆனதும் இரண்டு லெவல் பிளக்கையும் திறந்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் பிளக்கைத் திறந்ததும் எண்ணெய் வழிந்தது, பெட்டியில் விரல் விட்டால் எட்டவில்லை. வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. பெட்டியின் எண்ணெய் மெயின் ஷாஃப்ட் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் குடிபோயிருக்கிறது, நடுவில் உள்ள சீல் பழையது, மாற்றியிருக்க வேண்டும், 22,000 ரூபாய்ப் பெட்டியைப் பார்த்த சந்தோஷத்தில் சின்னச் சீலைப் பார்க்கவில்லை. இப்போதைக்கு வாரம் ஒரு தடவை அங்கிருந்து எடுத்து இங்கே ஊற்றிக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக் அண்ணன் வரும் வெள்ளிக்கிழமை ஃப்ரீயாம்.